வாட்டர் பேட்டரி, ட்ரை பேட்டரி, ஏ.ஜி.எம்., லித்தியம்: வண்டிக்கு எது நின்று உழைக்கும்?

திருச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடையது ஆறு வருட டீசல் கார். வண்டியோடு வந்த பேட்டரி நான்கு வருடம் ஓடியது. அடுத்து வாங்கியது இரண்டே வருடத்தில் போய்விட்டது. அதுவும் முதல் நாள் சாயங்காலம் வரை சும்மா ஜம்மென்று செல்ஃப் எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் டிக் டிக் என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. கடைக்காரர் ஏ.ஜி.எம். (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் வகை) போடச் சொல்கிறார், விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. நண்பர் லித்தியம் போட்டால் பத்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்கிறார். அப்பாவோ, பழையபடி தண்ணீர் ஊற்றுகிற பேட்டரிதான் கெட்டி என்கிறார். வீட்டு ஸ்கூட்டரும் அடிக்கடி படுத்துக்கொள்கிறதாம். எந்த வகை அதிக நாள் உழைக்கும், எதை நம்பி வெளியூர் போகலாம் என்பது கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எத்தனை வருடம் உழைக்கும் என்பது ஒன்று. போகும்போது சொல்லிவிட்டுப் போகுமா, சொல்லாமல் கொள்ளாமல் போகுமா என்பது இன்னொன்று. இரண்டு குணமும் ஒரே பேட்டரியில் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். உங்கள் அப்பா சொல்வது இரண்டு கேள்விக்கும் பாதிச் சரி. கடைக்காரர் சொல்வது உங்கள் காருக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. நண்பர் சொல்வது பொருளைப் பற்றிச் சரி, இடத்தைப் பற்றித் தப்பு.

நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு பேட்டரி சர்வீஸிலேயே காலம் தள்ளுகிறவன். வாரண்டிக்கு வரும் பேட்டரியைச் சோதித்து, தயாரிப்புக் குறையா, வண்டிக் குறையா என்று எழுதிக் கொடுப்பது என் வேலையில் பெரும்பகுதி. அதனாலேயே ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். என் மேஜைக்கு வருவதெல்லாம் செத்ததும் சாகக் கிடப்பதும்தான். நன்றாக ஓடுகிற பேட்டரியை யாரும் தூக்கிக்கொண்டு வருவதில்லை. ஊரில் எந்த பிராண்டு அதிகம் விற்கிறதோ அதுதான் என்னிடமும் அதிகம் வரும். ஆகவே எக்ஸைடா அமரானா என்று என்னைக் கேட்டால் நியாயமான பதில் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. ‘அந்த பிராண்டு வேஸ்ட், தினமும் என்கிட்ட ஒண்ணு வருது’ என்று ஒரு மெக்கானிக் சொன்னால் அவரிடமும் அந்தக் கணக்கு இல்லை. ஆனால் ஒரு பேட்டரி எப்படிச் செத்தது என்பதைத் திறந்து பார்த்தால் சொல்லிவிடலாம். பிராண்டை விட வகையைப் பற்றியும், வகையை விட வண்டியைப் பற்றியும் எனக்குத் தைரியமாகப் பேச வருவது அதனால்தான்.

காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் 1859இல் செய்த ஈய-அமில பேட்டரிதான் இன்றும் உங்கள் பானெட்டுக்குள் இருக்கிறது. ஆறு செல், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட், மொத்தம் 12.6. ஒவ்வொரு செல்லிலும் ஈயச் சட்டத்தின் மேல் பசை பூசிய பிளேட்டுகள், இடையே செப்பரேட்டர், சுற்றிலும் நீர் கலந்த கந்தக அமிலம். வாட்டர் பேட்டரி, ட்ரை பேட்டரி, இ.எஃப்.பி., ஏ.ஜி.எம்., ஜெல் என்று கடையில் சொல்வதெல்லாம் இந்த ஒன்றின் வேறுபாடுகள்தான். சட்டத்தில் ஈயத்தோடு எந்த உலோகம் கலந்திருக்கிறது, அமிலம் தளும்பிக்கொண்டிருக்கிறதா, எதிலாவது ஊறியிருக்கிறதா, மூடி திறக்குமா திறக்காதா, இவ்வளவுதான் வித்தியாசம். லித்தியம் மட்டும் வேறு ஜாதி.

இந்தக் குடும்பம் சாவதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகள். பாசிட்டிவ் பிளேட்டின் சட்டம் அரித்துப்போவது ஒன்று. இது வெப்பத்தாலும் அதிக சார்ஜாலும் வரும். சரியாக சார்ஜ் ஏறாமல் பாதி வயிற்றோடு நாள் கணக்கில் கிடந்து, பிளேட்டில் சல்ஃபேட் கெட்டியாகப் படிவது இரண்டாவது. பூசிய பசை உதிர்ந்து அடியில் சேறாகத் தங்கி, கடைசியில் இரண்டு பிளேட்டுக்கும் பாலம் போட்டு ஷார்ட் ஆவது மூன்றாவது. கிளாம்ப் சரியாக முடுக்காமல் குலுங்குகிற பேட்டரியில் இது சீக்கிரம் நடக்கும். தண்ணீர் வற்றுவதை நான்காவதாகச் சேர்க்கலாம், ஆனால் அது பெரும்பாலும் முதல் வழிக்குத் துணைபோகிற காரணம். நம் ஊர்ப்பக்கம் செத்த கார் பேட்டரியை அறுத்துப் பார்த்தால் நெகட்டிவ் பிளேட் ஓரளவு நன்றாகவே இருக்கும். பாசிட்டிவ் பிளேட்டை விரலால் தொட்டால் சட்டம் நொறுங்கி, காப்பிப்பொடி நிறத்தில் கையோடு வரும். (வீட்டில் அறுத்துப் பார்க்காதீர்கள், ஈயமும் அமிலமும் விளையாட்டல்ல.)

காரணம் வெயில். குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்து பேட்டரி வாங்குகிறவர்கள் தவறுகிற இடம் இதுதான். அங்கே குளிரில் வண்டி கிளம்புமா என்பதுதான் கவலை. அதனால் குளிரில் செல்ஃப் எடுக்க எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்று சொல்லும் சி.சி.ஏ. எண்ணைப் பிடித்துத் தொங்குவார்கள். அது மைனஸ் 18 டிகிரியில் அளக்கிற அளவு. திருச்சியில் அந்த நிலை வரப்போவதில்லை. இங்கே பேட்டரியைக் கிளம்ப வைப்பது சுலபம், உயிரோடு வைத்திருப்பதுதான் கஷ்டம். ஈய-அமில பேட்டரியின் வெப்பம் தொடர்ந்து சுமார் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் நெடுநாளாக உள்ள கணக்கு. துல்லியமான சூத்திரம் இல்லை, ஆனால் திசை நிச்சயம். 25 டிகிரியில் சோதித்து எழுதிய ஆயுளை அக்னி நட்சத்திரத்தில் சிக்னலில் நிற்கிற டீசல் வண்டியின் பானெட்டுக்குள் எதிர்பார்க்க முடியாது. நம் நாட்டு பேட்டரிகளில் அமிலத்தின் அடர்த்தியை 1.240, 1.250 என்று சற்றுக் குறைத்தே வைப்பதும் இதற்காகத்தான். குளிர்நாடுகளில் 1.280 வரை வைப்பார்கள். அடர்த்தி கூடினால் முறுக்கு கூடும், அரிப்பும் கூடும். ஆகவே யாராவது பேட்டரி டவுன் என்றதும் ஆசிட் ஊற்றுகிறேன் என்று வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். குறைவது தண்ணீர் மட்டும்தான், ஊற்ற வேண்டியதும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

சரி, வகைக்கு வருவோம். அப்பா சொல்கிற பழைய வாட்டர் பேட்டரியின் சட்டத்தில் ஈயத்தோடு ஆன்டிமனி கலந்திருக்கும். ஆன்டிமனி, பசையை இறுக்கிப் பிடிக்கும். ஒரு தடவை முழுவதும் டவுன் ஆனாலும் சார்ஜ் போட்டால் எழுந்து வரும். தண்டனை என்னவென்றால் தண்ணீர் நிறைய குடிக்கும், சும்மா வைத்தாலே சார்ஜ் இறங்கும். மாதா மாதம் மூடி திறந்து பார்க்கிற ஆள் இருந்தால் அது தங்கம். இன்றைக்கு யார் வீட்டில் அந்த ஆள் இருக்கிறார்? தண்ணீர் வற்றி பிளேட் தலை வெளியே தெரிந்துவிட்டால் அந்தப் பகுதி காய்ந்து திரும்ப உயிர்பெறாது. நான் பார்க்கிற வாட்டர் பேட்டரிகள் பெரும்பாலும் வகையால் சாகவில்லை, மறதியால் சாகின்றன.

இப்போது கார்களில் வருகிற, கடையில் எம்.எஃப். (மெயின்டனன்ஸ் ஃப்ரீ) என்றும் ட்ரை பேட்டரி என்றும் சொல்கிற வகையில் ஆன்டிமனிக்குப் பதில் கால்சியமும் கொஞ்சம் வெள்ளீயமும். பெயர்தான் ட்ரை, உள்ளே அமிலம் தளும்பிக்கொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் இழப்பு மிகக் குறைவு, நிறுத்தி வைத்தாலும் சார்ஜ் மெதுவாகத்தான் இறங்கும். சாதாரண உபயோகத்தில் ஆன்டிமனி வகையை விட இதுதான் அதிக நாள் வரும் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. முழுக்கக் காலியாவதை இது மன்னிக்காது. உள் விளக்கை அணைக்க மறந்து இரண்டு மூன்று தடவை அடியோடு இறங்கினால், அதற்கப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது. பாசிட்டிவ் பிளேட்டில் ஆன்டிமனி கொஞ்சமாகவும் நெகட்டிவில் கால்சியமாகவும் வைத்த கலப்பு வகையும் உண்டு. அது நடுவாந்திரம்.

இந்த எம்.எஃப். பேட்டரியின் மேல் ஒரு கண்ணாடிக் கண் இருக்குமே, பச்சையாக இருந்தால் நல்லது என்று சொல்வார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கண் இருப்பது ஆறு செல்லில் ஒரு செல்லில் மட்டும். மற்ற ஐந்தும் அதன் கண்ணுக்குத் தெரியாது. கால் டாக்சி ஓட்டுகிற ஒருவர் பச்சைக் கண் தெரிகிற பேட்டரியைக் கொண்டுவந்து வைத்து, ‘பேட்டரி நல்லாத்தான் இருக்கு, செல்ஃப் மோட்டார்ல கோளாறு, மெக்கானிக் ஏமாத்துறான்’ என்று சண்டைக்கு நின்றார். மல்டிமீட்டரை வைத்தால் 10.5. 12.6இல் 2.1 போனால் 10.5. எந்தச் செல் என்று தெரியாவிட்டாலும் ஒரு செல் போய்விட்டது என்று அந்த எண்ணே சொல்லிவிடும். கண் இருந்த செல் மட்டும் பாவம், நன்றாகத்தான் இருந்தது.

இனி உங்களுடைய ‘ராத்திரி வரைக்கும் நன்றாக இருந்ததே’ என்ற புகார். அந்தக் காலத்து அம்பாசடரில் பேட்டரி நோஞ்சான் ஆனால் செல்ஃப் உருட்டுவது நாளுக்கு நாள் மெதுவாகும், ஹெட்லைட் மஞ்சளாகும். வாரக்கணக்கில் எச்சரிக்கை கிடைக்கும், தள்ளினாலும் ஓடும். இப்போதைய இன்ஜின்கள் ஒன்றிரண்டு சுற்றிலேயே பிடித்துக்கொள்கின்றன. ஒரு தடவை செல்ஃப் அடிக்க 200 ஆம்பியர் வீதம் 2 வினாடி என்று வைத்தாலும் செலவாவது 0.11 ஆம்பியர்-அவர்தான். 60 ஏ.எச். பேட்டரியின் கொள்ளளவு பாதிக்கு மேல் போய்விட்டால்கூட இந்தக் கொஞ்சத்தைக் கொடுத்துவிடும். நீங்கள் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள் செல்களை இணைக்கும் ஈயப் பட்டை அரித்து விட்டுப்போகும், அல்லது ஒரு செல் ஷார்ட் ஆகும். அவ்வளவுதான். புது வகை பேட்டரி நம்பகம் குறைந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. தேய்மானம் முன்பைப் போலவேதான் நடக்கிறது, அதை நமக்குக் காட்டிக்கொடுத்த அறிகுறியை நல்ல இன்ஜின் மறைத்துவிட்டது. ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. வாகன சங்கம் வெளியிடும் பழுதுக் கணக்கில் அண்மை ஆண்டுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் 12 வோல்ட் பேட்டரிதான் காரணம். மின்சாரக் கார்களிலும் அதே சின்ன பேட்டரிதான் முதல் இடம். பெரிய லித்தியம் பேக் நிறைய சார்ஜோடு இருக்கும், 12 வோல்ட் டவுன் ஆனதால் கதவே திறக்காது.

ஏ.ஜி.எம். என்பது அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊற வைத்து, பிளேட்டுகளை இறுக்கி அடுக்கி, வால்வு வைத்து மூடிய பேட்டரி. பசை உதிர வழியில்லை, அமிலம் சிந்தாது, குலுக்கல் தாங்கும், அரைகுறை சார்ஜில் ஏறி இறங்கும் வேலையைச் சாதாரண எம்.எஃப்.ஐ விடப் பல மடங்கு தாங்கும். சிக்னலுக்குச் சிக்னல் தானாக இன்ஜின் அணைந்து எரியும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிகளுக்காகவே அது. அந்த வேலைக்கு அது காசுக்கு மதிப்பு. ஆனால் அதற்கு வெப்பம் ஆகாது. உள்ளே தண்ணீர் அளவாகத்தான் இருக்கிறது, போனால் ஊற்ற வழியில்லை. அதிக சார்ஜும் ஆகாது. பல பி.எம்.டபிள்யூ. கார்களில் ஏ.ஜி.எம். பேட்டரி இன்ஜினை விட்டு விலகி டிக்கியில் உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எடைப் பகிர்வு ஒரு காரணம், வெப்பமில்லாத இடம் என்பது இன்னொரு லாபம். உங்கள் காரில் ஸ்டார்ட்-ஸ்டாப் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், பேட்டரியும் இன்ஜின் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஏ.ஜி.எம். வைத்து இரட்டை விலை கொடுத்தால் இரட்டை ஆயுள் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். கொஞ்சம் கூடக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நிச்சயமாகச் சொல்லக்கூடியது மறுபக்கம்தான்: ஏ.ஜி.எம். அல்லது இ.எஃப்.பி. போட்டு வந்த ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டியில் காசை மிச்சம் பிடிக்கச் சாதாரண எம்.எஃப். போட்டால் அது சீக்கிரம் படுக்கும். அந்த இ.எஃப்.பி. என்பது அமிலம் தளும்பும் சாதாரண எம்.எஃப். பேட்டரியின் பலப்படுத்திய வடிவம். வெப்பமான பானெட்டுக்குள் ஏ.ஜி.எம்.மை விட அதன் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம், ஏனென்றால் தளும்பும் அமிலம் வெப்பத்தை நன்றாக வெளியே கடத்தும். இந்தக் கடைசி வரி என் அபிப்பிராயம், சட்டம் இல்லை. ஜெல் வகை வண்டி ஸ்டார்ட் செய்வதற்கு ஏற்றதல்ல, விட்டுவிடுங்கள்.

லித்தியத்தில் வண்டிக்கு ஸ்டார்ட்டர் பேட்டரியாக விற்பது பெரும்பாலும் எல்.எஃப்.பி. இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த வகை, நான்கு செல், 12.8 வோல்ட். எடை ஈய பேட்டரியை விட மிகக் குறைவு. ஏறி இறங்கும் எண்ணிக்கையில் ஈய-அமிலம் பக்கத்தில் நிற்க முடியாது. போர்ஷே நிறுவனம் 2010 வாக்கில் தன் 911 ஜிடி3 காருக்கு இப்படி ஒன்றை விருப்பத் தேர்வாக விற்றது, சுமார் 10 கிலோ குறைவு. குளிரில் அது தடுமாறும் என்பதால் கூடவே ஒரு சாதாரண பேட்டரியையும் கொடுத்தது. நமக்குக் குளிர் பிரச்சினை இல்லை. நமக்குப் பிரச்சினை, செல்களுக்குச் சாதாரணமாகச் சொல்கிற 60 டிகிரி உச்சவரம்பு. வெயிலில் ஓடி வந்து நின்ற டீசல் இன்ஜினின் பக்கத்தில் அந்த வரம்பை நெருங்குவது பெரிய விஷயமில்லை. இன்னொன்று, உள்ளே பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட் இருக்கிறது. வெப்பமோ வோல்டேஜோ எல்லை மீறினால் அது சட்டென்று துண்டித்துவிடும். பேட்டரியைக் காப்பாற்ற அது சரியான செயல். ஆனால் ஓடுகிற இன்ஜினில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது துண்டித்தால் டைனமோவின் வோல்டேஜ் ஒரு கணம் எகிறும், வண்டியின் எலெக்ட்ரானிக்ஸுக்கு அது நல்லதில்லை. நான் தொடக்கத்தில் சொன்ன ‘சொல்லிவிட்டுச் சாகுமா’ என்ற தேர்வில் லித்தியம் கடைசி பெஞ்ச். கடைசி நிமிடம் வரை 13 வோல்ட் காட்டிவிட்டு அப்படியே பூஜ்ஜியமாகும். லித்தியத்துக்கென்றே சார்ஜிங் அமைத்து வந்த வண்டியில் அது அருமையான பொருள். ஈயத்துக்காகச் செய்த பழைய டீசல் காரில் நானாக இருந்தால் போட மாட்டேன்.

மின்சார வண்டி வாங்கும் யோசனையும் இருக்கிறது, அந்த பேட்டரி எப்படி என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். அதை ஒட்டுமொத்தமாக லித்தியம் என்று பேசக்கூடாது. எல்.எஃப்.பி. ஒன்று, நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் கலந்த என்.எம்.சி. இன்னொன்று. என்.எம்.சி.யில் அதே எடைக்கு அதிக தூரம் ஓடலாம். எல்.எஃப்.பி. அதிக சுற்றுகள் தாங்கும், தீப்பிடிக்க அதிக வெப்பம் வேண்டும். நம் தட்பவெப்பத்துக்கு என் ஓட்டு எல்.எஃப்.பி.க்குத்தான், டாடா நெக்ஸான் இ.வி.யில் இருப்பது அதுதான். ஆனால் வேதியியலை விடக் குளிர்விக்கும் ஏற்பாடு முக்கியம் என்பதற்கு நிஸான் லீஃப் உதாரணம். பேட்டரிக்குத் தனிக் குளிரூட்டல் இல்லாத அந்தக் கார், 2012இல் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் வாங்கிய ஒன்றிரண்டு வருடத்திலேயே கொள்ளளவு இழந்து பெரிய சர்ச்சையானது. பிறகு கொள்ளளவுக்கென்றே தனி வாரண்டி கொடுத்தார்கள், வெப்பம் தாங்கும்படி செல்லையும் மாற்றினார்கள். நம் நாட்டில் 2022இல் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாகக் கொண்டுவந்தார்கள். பழைய மின்சார ஸ்கூட்டர் வாங்குவதானால் அதற்குப் பின் தயாரானதா என்று பாருங்கள்.

செத்த பேட்டரியை உயிர்ப்பிக்கும் பவுடர், பல்ஸ் சார்ஜர் பற்றி யாராவது உங்களிடம் நிச்சயம் சொல்வார்கள். அமெரிக்காவில் 1953இலேயே ஏ.டி.-எக்ஸ்2 என்ற இப்படி ஒரு பவுடருக்காகப் பெரிய ரகளை நடந்தது. அரசின் தர ஆய்வகம் சோதித்துவிட்டுப் பயனில்லை என்றது. வியாபாரத்தைக் கெடுக்கிறார்கள் என்று ஆய்வகத்தின் தலைவர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலக வைத்தார்கள். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்ததும் திரும்ப வேலையில் வைத்தார்கள். அந்தப் பவுடரில் முக்கியமாக இருந்தது எப்சம் உப்பு வகையறா. இன்றும் அதையே இங்கே சிலர் பொட்டலம் போடுகிறார்கள். புதிதாகப் படிந்த சல்ஃபேட் மெதுவான நீண்ட சார்ஜில் ஓரளவு கரையும், அதற்குப் பவுடர் தேவையில்லை. அரித்துப்போன சட்டத்தை எதுவும் ஒட்ட வைக்காது.

அப்படியானால் உங்கள் இரண்டாவது பேட்டரி ஏன் இரண்டு வருடத்தில் போனது? புதிதை வாங்குமுன் இதைக் கண்டுபிடிக்காவிட்டால் மூன்றாவதும் அதே வழியில் போகும். இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருக்க வேண்டும். ஏ.சி., ஹெட்லைட் எல்லாம் போட்ட பிறகு 13.5க்குக் கீழே போனால் சார்ஜ் போதவில்லை, பெல்ட்டையோ டைனமோவையோ பாருங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது. (சில புது வண்டிகளில் கம்ப்யூட்டரே வேண்டுமென்று ஏற்றி இறக்கும், அதற்கு ஸ்கேனர் உள்ளவரிடம் கேளுங்கள்.) அடுத்தது இரவில் கசிவு. வண்டியைப் பூட்டி, ஒரு மணி நேரம் விட்டு, நெகட்டிவ் வயரில் மீட்டரைத் தொடராக வைத்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 50 என்றாலே ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச். போகிறது. 60 ஏ.எச். பேட்டரி 25 நாளில் பாதி காலி. உங்கள் காரில் இரண்டு வருடத்துக்கு முன் டேஷ்கேமும் ஜி.பி.எஸ். டிராக்கரும் மாட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். பேட்டரி மாற்றியதும் அதே சமயம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் நான் அந்த டேஷ்கேமின் மேல் கட்டுவேன். சாவி அணைத்த பிறகும் ஓடும் வயரில் இணைத்திருப்பார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை, ஐந்து கிலோமீட்டர் மார்க்கெட் வரை ஓடுகிற வண்டியில் அந்த இழப்பு ஒருநாளும் ஈடாகாது. கால்சியம் பேட்டரிக்கு இதுதான் பரம விரோதி.

இதெல்லாம் சரிசெய்த பிறகு, உங்கள் காருக்குக் கையேட்டில் உள்ள அதே அளவில் சாதாரண எம்.எஃப். பேட்டரி போதும். தட்டில் இடமிருந்தால் ஒரு படி பெரியது வைக்கலாம். வாங்கும்போது தயாரித்த மாதத்தைக் கேட்டு, மூன்று மாதத்துக்குள் இருப்பதை எடுங்கள், கடையில் கிடந்த நாளும் ஆயுளில்தான் கழியும். வாரண்டியில் 24+24, 36+36 மாதம் என்று போட்டிருந்தால் முதல் எண் மட்டும்தான் இலவசமாக மாற்றித் தருகிற காலம். இரண்டாவதில் விலையில் தள்ளுபடி மட்டும். டாக்சிக்கு இரண்டும் குறையும். பில்லில் வண்டி எண்ணும் பேட்டரியின் சீரியல் எண்ணும் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், வாரண்டி மறுக்கப்படுவதில் பாதிச் சண்டை இதில்தான். கிளாம்பை முடுக்கச் சொல்லுங்கள். இன்ஜின் பக்கம் வெப்பம் தடுக்கும் உறை கம்பெனியிலிருந்து வந்திருந்தால் அதைத் தூக்கி எறிய விடாதீர்கள், அதை வெறும் பிளாஸ்டிக் என்று கழற்றிப் போடுகிறவர்கள் நிறைய. அப்புறம் நம்பகத்துக்கு என் வழி: மூன்றாவது வருடத்திலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கடையில் லோடு டெஸ்ட். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் 9.6க்குக் கீழே இறங்கினால், வண்டி நன்றாகக் கிளம்பினாலும் மாற்றிவிடுவது. நான்கு வருடம் தாண்டிய பேட்டரியோடு நான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வெளியூர் போவதில்லை.

ஸ்கூட்டரில் இருப்பது 4 அல்லது 5 ஏ.எச். அளவுள்ள சின்ன ஏ.ஜி.எம். வகை. அங்கே அது சரியான தேர்வுதான், மாற்றத் தேவையில்லை. 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிகிறது, 2020இல் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு பெட்ரோல் பம்ப்பும் கம்ப்யூட்டரும் சேர்ந்துகொண்டன. பேட்டரி அடியோடு போனால் பல வண்டிகளில் கிக்கர் அடித்தும் பயனில்லை. தெருமுனைக் கடைக்கு மட்டும் போய்வருகிற வண்டியில் சார்ஜ் ஏறவே நேரமில்லை. வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். அது முடியாவிட்டால் மாதம் ஒருமுறை அரை ஆம்பியர் சார்ஜரில் இரவு போட்டு வையுங்கள். கார் பேட்டரிக்கு வைத்திருக்கும் 6 ஆம்பியர் சார்ஜரை அதில் மாட்டிவிடாதீர்கள், வால்வு திறந்து தண்ணீர் ஆவியாகி ஒரே ராத்திரியில் வயிறு உப்பிவிடும்.